நாற்பத்து மூன்று பொய்கள்

"ஏழாம் வகுப்புல இப்படி ஒரு புளுகுமூட்டையை நான் பார்த்ததே இல்லைங்க!"

டீச்சர் நோட்டை மேஜையில் பொத்தென்று போட்டார்.

எதிரே அப்பா. லிப்ட் மெக்கானிக், கையில் கிரீஸ் கறை. ஒரு நாற்காலி தள்ளி அம்மா. மருந்துக் கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். நடுவில் புளுகுமூட்டை, தலையைத் தொங்கப் போட்டு நின்றாள்.

"இந்த மாசம் சொன்ன பொய்யை எல்லாம் எழுதிட்டு வரச் சொன்னேன். மத்த பிள்ளைங்க மூணு, நாலு. இவ நாற்பத்து மூணு! இனிமே பிரேயருக்கு வர மாட்டாளாம். சாமி மூஞ்சில முழிக்க வெக்கமா இருக்காம்!"

அப்பா மகளிடம் திரும்பினார். "உங்கம்மாகிட்ட கேளு, பிள்ளையை இப்படித்தான் வளர்க்கிறாளான்னு."

"உங்கப்பாகிட்ட சொல்லு, பிள்ளை அவருக்கும்தான் பொறந்துச்சுன்னு."

டீச்சருக்கு முழி பிதுங்கியது. "நேரா பேசிக்க மாட்டீங்களா?"

"ரெண்டு மாசமா இல்லை மிஸ்," என்றாள் மகள். "எல்லாம் நான்தான் போய்ச் சொல்லணும்."

டீச்சர் நோட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

"பொய் ஒண்ணு. அம்மா சொன்னது: 'அந்த மனுஷன் எக்கேடோ கெட்டுப் போகட்டும்.' நான் அப்பாகிட்ட சொன்னது: 'பத்திரமா போயிட்டு வரச் சொன்னாங்க.'"

அப்பா நெளிந்தார்.

"பொய் ஒன்பது. அப்பா சொன்னது: 'அவ மூஞ்சியும் மொகரையும்!' நான் அம்மாகிட்ட சொன்னது: 'நீலக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்காம்.'"

அம்மா குனிந்து தன் உடையைப் பார்த்துக்கொண்டாள். நீலம். நேற்றும் நீலம்தான்.

"பொய் பதினேழு. அம்மா சொன்னது: 'குறட்டை விட்டே என் உயிரை வாங்கறார்.' நான் அப்பாகிட்ட சொன்னது: 'பாவம், அசந்து தூங்கறார், எழுப்பாதேன்னாங்க.'"

அவ்வளவுதான், டீச்சருக்கே சிரிப்பு பீறிட்டது. அப்பா வெடித்துச் சிரித்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ஏங்க, இதையெல்லாமா நம்பினீங்க?"

"நீயாவது, என்னைப் பத்திரமா வரச் சொல்றதாவது! முதல் நாளே தெரியும் பொய்யின்னு. கேக்க சுகமா இருந்துச்சு, விட்டுட்டேன். நீ?"

"எனக்குத் தெரியாதா? பதினாலு வருஷத்துல என்னிக்கு நீங்க என் டிரெஸ்ஸைப் பார்த்தீங்க?"

மறுபடி சிரிப்பு. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பாடா, ஒரு வழியா ராசியாயிட்டீங்க!"

புளுகுமூட்டை மட்டும் சிரிக்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் தெரியுமா? நான் தினமும் சாமிகிட்ட மன்னிப்பு கேட்டு அழுதுட்டிருந்தேனே! அப்ப இந்த நாற்பத்து மூணும் என் பொய்யா, உங்க பொய்யா?"