அன்பு மனைவி தமயந்திக்கு

"உறை மேல யாரு பேரு இருக்கு? என் பேருதானே? அப்போ நான்தான் மொதல்ல பிரிப்பேன்" என்றாள் தமயந்தி.

கமலா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

குவைத் தபால் வரும் நாளைக் கணக்கு வைத்து, மந்தாரக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்துச் சுரங்கக் குடியிருப்பின் பதினேழாம் பிளாக்குக்கு ஓடி வருவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. வந்துவிட்டால், தமயந்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பதும் வழக்கம்தான்.

உறையில் 'திருமதி தமயந்தி கருணாகரன்' என்று இருந்தது. பின்பக்கம், 'கருணாகரன், குவைத்'. அந்தக் கையெழுத்தின் ஒவ்வொரு சுழியும் கமலாவுக்குத் தெரியும்.

"'அன்பு மனைவி தமயந்திக்கு...'" தமயந்தி வேண்டுமென்றே அங்கே நிறுத்தினாள். "கேம்ப்ல ஒருத்தர் படிச்சுப் பாத்துட்டுத்தான் தபால்ல சேப்பாங்களாம். அப்படியும் எப்படிக் கொஞ்சுறாரு பாரேன்!"

"மீதியைப் படிங்கக்கா."

"படிக்கிறேன், பறக்காதே. 'மழைக்குக் கூரை ஒழுகுதா? ஒழுகுற பக்கம் படுக்காதே. உனக்குச் சளி தாங்காது.'" தமயந்தி சிரித்தாள். "கம்பெனி குவார்ட்டர்ஸ் எங்கடி ஒழுகுது? பாலைவனத்துக்குப் போனதும் எல்லாம் மறந்துபோச்சு போல."

கமலா சிரிக்கவில்லை. அவள் பார்வை தமயந்தியின் சேலையில் இருந்தது. வழவழவென்ற நீல நிறப் பாரின் சேலை. லீவில் வந்த சிதம்பரத்துக்காரர் ஒருவரிடம் அவர் கொடுத்தனுப்பியது.

"இதை ஏன்க்கா கட்டிக்கினீங்க?"

"கொண்டாந்தவரு எங்கிட்டதானே குடுத்துட்டுப் போனாரு? ஒரு தரம் கட்டினா தேஞ்சா போயிடும்? நல்லாருக்கா, சொல்லு."

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கமலாவுக்குப் பொறுக்கவில்லை. கடையில் நின்று இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தபோது அவர் மனதில் யார் முகம் இருந்திருக்கும்? மாதா மாதம் எழுத எழுத ஒரு பெயர் பழகிப்போகாதா? விரலுக்குப் பழகியது மனதுக்குப் பழக எத்தனை நாள் ஆகும்?

"அந்தக் கடுதாசியையாவது எங்கிட்டக் குடுங்கக்கா."

தமயந்தி உடனே கொடுக்கவில்லை. மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"இது ஒண்ணு எங்கிட்டயே இருக்கட்டுமேடி" என்றாள்.

அந்தக் குரலில் கேலி இருந்திருந்தால் கமலா தாங்கியிருப்பாள். இல்லை. ஏக்கம் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். 'இனிமே இவளுக்கு லெட்டரே வரக் கூடாது. ஒண்ணுகூட வரக் கூடாது.' வழியெல்லாம் அதையே வேண்டிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் லெட்டர் வரவில்லை. தந்தி வந்தது.

தமயந்தி ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தாள். கமலா வந்தபோது ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கூடத்தில் நீலச் சேலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் அந்தப் பழைய கடிதம்.

தமயந்தி கதவைத் தாழிட்டுவிட்டு, தந்தியைத் தானாகவே நீட்டினாள்.

"எழுத்துக்கூட்டிப் படிச்சேன்டி. வேலை செய்ற எடத்துல விபத்தாம். கருணாகரன் இறந்துட்டாருன்னு போட்டிருக்கு."

கமலா அப்படியே தரையில் விழுந்து வீறிட்டாள். தமயந்தி அழவில்லை. பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதடி! பக்கத்துக் குவார்ட்டர்ஸ்ல கேட்டா எல்லாரும் தொலைஞ்சோம்!"

"என் வாய்தான்க்கா... லெட்டரே வரக் கூடாதுன்னு நான்தான் வேண்டிக்கினேன்... பொறாமையில வேண்டிக்கினேன்..."

வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. முதல் ஷிப்ட் முடிந்திருந்தது. தமயந்தி எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

நிலக்கரித் தூசி படிந்த காக்கிச் சட்டையும் டிபன் கேரியருமாக உள்ளே வந்தவர், தந்தியை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். கேரியர் கையிலிருந்து நழுவி விழுந்து உருண்டது.

"ராஜேந்திரன் போயிட்டானா? என் பேர்லயேவா போயிட்டான்?" என்றார் கருணாகரன். "கான்ட்ராக்ட் ஆளுக்கு விசா கிடைக்காது, உங்க பர்மனென்ட் வேலை சர்டிபிகேட்டைக் குடுங்கண்ணேன்னு வந்து நின்னப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும். என் பேரு, இந்த விலாசம், பொண்டாட்டின்னு இவ பேரு... எல்லாத்தையும் அவன் பாஸ்போர்ட்டுக்குக் குடுத்துத் தொலைச்சேனே! கமலா, உன் புருஷன்தான் செத்தான்னு நீ வெளியில சொல்லி அழக்கூட முடியாதேம்மா. தெரிஞ்சா என் வேலை போயிடும், ஜெயிலுக்கும் போவணும்."

கமலா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். கழுத்துக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு தமயந்தியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ தாலியை யாரு கழட்டணும்க்கா? நீங்களா, நானா?"