எல்லம்மாவுக்கு ஒரு வாள்

“அடுத்த வாரம் வந்து என்னை எழுப்பி விடுங்கடா” என்று சிரித்துக்கொண்டே சொல்லி, தட்டில் மிச்சமிருந்த கடைசி சமோசாவை வாயில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான் பிரகாஷ்.

எழுப்பவேண்டியது அவனை அல்ல. ஆட்டத்தில் குகை வாசலில் அடிபட்டு விழுந்திருந்த அவனுடைய வீரனை. பிரேசர் டவுனில் டோரீன் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிற ஆட்டம் அது. அஷ்வத் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். டோரீன் மந்திரக்காரி, பார்கவி திருடி. வாளோடு முன்னால் நிற்கிற ஃபைட்டர் பிரகாஷ்.

ஆட்டம் மறுபடி கூடியபோது அவன் நாற்காலியில் அவனுடைய அம்மா எல்லம்மா உட்கார்ந்திருந்தாள். ஒக்கலிபுரத்துக்காரி, பஸ் கண்டக்டர். “பிரகாஷுக்குப் பதிலா நான் வரேன்” என்று அவளேதான் டோரீனுக்கு போன் செய்திருந்தாள்.

“ஆன்ட்டி, நாங்க மூணு பேரும் பேசிட்டோம்” என்றான் அஷ்வத். “நீங்க ஹீலர். மருந்து, மந்திரம் எல்லாம் போட்டு அடிபட்டவங்களைச் சரி பண்றவங்க. நம்ம கூட்டத்துல அந்த ஒரு ஆள்தான் இல்ல.”

விரல் உயரப் பொம்மை ஒன்றை அவள் முன்னால் வைத்தான். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்த பெண். வெள்ளை அங்கிக்கு அவனே வண்ணம் பூசியிருந்தான்.

“மூணு பேரும் பேசுனீங்க, சரி. என்கிட்ட யாருப்பா பேசுனது?”

“புதுசா வர்றவங்களுக்கு அதுதான் ஈஸி ஆன்ட்டி. பின்னாடி சேஃபா நின்னா போதும்.”

எல்லம்மாவுக்குச் சுருக்கென்றது. “நாள் பூரா பஸ்ல ‘முந்தே ஹோகி, முந்தே ஹோகி’ன்னு கத்தி ஊரையே முன்னாடி தள்றவ நான். என்னைப் பின்னாடி நிக்கச் சொல்றியா?”

பார்கவி சிரித்துவிட்டாள். பிறகு சிரித்திருக்கக் கூடாதோ என்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“எனக்கு வாள் வச்சிருக்கறதுதான் வேணும்.”

“ஃபைட்டரா? முதல் அடி உங்க மேலதான் விழும், ஆன்ட்டி.”

“விழட்டும். பொம்பளை வந்தா உடனே கையில கட்டுத்துணியைக் குடுத்துடறதா? இந்தப் பொண்ணு திருடி ஆகலாம், நான் வாளைத் தூக்கக் கூடாதா? இங்கயும் வந்து எல்லாருக்கும் நான் தைலம் தேய்க்கணுமா?”

டோரீன் டீ கிளாஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். “அதுக்கில்ல ஆன்ட்டி. பிரகாஷோட ஃபைட்டர் அங்க விழுந்து கெடக்கான். ஹீலர் வந்து கை வச்சாத்தான் எழுந்திருப்பான். அதை நீங்க செஞ்சா நல்லா இருக்கும்னு…” அவள் முடிக்கவில்லை.

“ஒரே ஒரு தடவை பகடை போடுங்க” என்றான் அஷ்வத். “எந்த நம்பர் விழுந்தாலும் எழுந்துடுவான். அது என் பொறுப்பு.”

“எந்த நம்பர் விழுந்தாலும்னா பகடை எதுக்கு? டிக்கெட் இல்லாம ஏத்திக்கறேன்னு என்கிட்டயே சொல்ற.”

“உங்க பையன், ஆன்ட்டி” என்றாள் பார்கவி மெதுவாக. “அவனை அப்படியே விட்டுட்டா போறது?”

“கெடக்கட்டும். எனக்கு வாளைக் குடுங்க.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை கல்நெஞ்சை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அஷ்வத் வெள்ளை அங்கிக்காரியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டான். துழாவி, வாளேந்திய வேறொரு பொம்மையைத் தேடியெடுத்துக் கொடுத்தான். எல்லம்மா அதை வாங்கி, பலகையில் சாய்ந்து கிடந்த பிரகாஷின் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

“சரி ஆன்ட்டி. குகை வாசல்ல நிக்கறீங்க. உள்ள ஒரே இருட்டு. என்ன பண்றீங்க?”

“இவனை அடிச்சது எது?”

அஷ்வத் தடுமாறினான். “அது… ஏதோ ஒரு மிருகம். இருட்டுல வந்து மோதுச்சு. யாரும் சரியா பார்க்கல. அப்பவே ஓடிருச்சு ஆன்ட்டி. இனிமே கதையில அது வராது.”

“வராதா?”

எல்லம்மாவின் குரல் கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். “அடிச்சுப் போட்டுட்டு ஓடிருச்சு, இனிமே வராது. அவ்வளவுதானா? யாரும் கேக்க மாட்டீங்களா? மருந்தைப் போடு, மந்திரத்தைப் போடு, எழுப்பி விடு, மேல நடன்னு சொல்றீங்க. அடிச்சது எங்கயோ போய் நிம்மதியா சாப்பிட்டுத் தூங்குது. அதை ஒரு கேள்வி கேக்க ஒரு ஆளு வேணாம்? நான் எழுப்பறதுக்கு வரல. அதைத் தேடி வந்திருக்கேன்.”

டோரீன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அஷ்வத் தான் யோசித்து வைத்திருந்த கதையை அந்த இடத்திலேயே விட்டான்.

“தடம் தெரியுது ஆன்ட்டி” என்றான். “உள்ள, இடது பக்கமா போகுது. மண்ணு இன்னும் ஈரமாத்தான் இருக்கு.”

“அப்போ நடங்க” என்று எல்லம்மா பகடையை உருட்டினாள்.

அவன் கடைசியாக ஆடிய ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை, எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிரகாஷை ஓசூர் ரோட்டில் மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்று இன்றுவரை தெரியவில்லை.