பேட்டரி மூடியில் ஒரு விரல்தடம்

ஆயுத பூசையன்று மனைவி செண்பகம் வைத்த மஞ்சள் விரல்தடம் பைக்கின் பேட்டரி மூடியில் இருந்தது. அவள் இறந்தபின் நித்தியன் பைக்கைத் தொடவில்லை. நின்ற இடத்திலேயே பேட்டரி கசிந்து, அமிலம் இரும்புச் சட்டத்தை அரித்துக்கொண்டிருந்தது.

“இப்படியே விட்டா பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும் மாமா. அக்கா பாத்தா கிழிச்சிருவா” என்ற செண்பகத்தின் தம்பி துரைக்கண்ணு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நித்தியன் ஆப்பசோடா கரைத்த நீரைத் தடத்தில் படாமல் அமிலத்தின்மேல் மெல்ல ஊற்றினான். நுரை பொங்கி மேலேறித் தடத்தைத் தொட்டது. அவளுக்கு அவன் கடைசியாக வைத்துவிட்ட குங்குமத்தின் நிறத்துக்கு, சோடா பட்ட மஞ்சள் சிவந்தது.

“நல்ல தண்ணி ஊத்திக் கழுவிருங்க மாமா.”

வாளி நிறையத் தண்ணீர் காலடியில் இருந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை. சிவப்பு தானாகவே வழிந்து, இரும்பில் விழுந்திருந்த ஓட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.