பவளக்காலி நின்ற தண்ணீர்

திரையில் நான் படம் எடுத்த பவளக்காலிகள் வந்து நின்றதும் கவரைப்பேட்டை கல்யாண மண்டபத்தில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது.

பதினோரு பறவைகள். கறுப்பு இறக்கை, வெள்ளை உடம்பு, குச்சி குச்சியாய் நீண்ட சிவப்புக் கால்கள். வெள்ளைக் கழுத்தில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது.

அதுதான் கஷ்டம். கேமராவில் வெள்ளைக்கு வெளிச்சம் பார்த்து வைத்தால் கறுப்பு தார் பூசினதுபோல ஆகிவிடும். கறுப்புக்குப் பார்த்தால் வெள்ளை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறிப்போகும். இரண்டும் ஒன்றாக விழ வெயில் சாய்வாக வர வேண்டும், ஆள் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். தலையைத் தூக்கினால் போச்சு. கீக் கீக்கென்று ஊரைக் கூட்டிவிட்டுப் பறந்துவிடும்.

மூன்று ஞாயிறு எங்கள் ஏரிச் சேற்றில் கிடந்தேன். பக்கத்தில் லோகுவும் கிடந்தான். காதலித்துக் கட்டிக்கொண்டவன், பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அந்தக் கேமராவே அவன் ஓவர்டைம் பார்த்து வாங்கிக் கொடுத்ததுதான்.

படத்தில் தண்ணீர் நீலமாக இருந்தது.

சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படுத்துக்கொண்டு எடுத்தால் தண்ணீரில் வானம்தான் தெரியும். வெள்ளை வெளிறாமல் இருக்க வெளிச்சத்தையும் குறைத்திருந்தேன். எங்கள் ஏரியின் நிறம் மொத்தமாக மறைந்துவிட்டது.

அந்த நிறம் ஊருக்கே தெரியும். மேற்கே இருக்கும் கம்பெனி மழை நாள் பார்த்துத் திறந்துவிடுகிற கழிவின் துருச் சிவப்பு. கால் வைத்தால் அரிக்கும். அந்தக் கம்பெனியை இரண்டு மடங்கு பெரிதாக்கலாமா என்று கேட்கத்தான் இன்றைய மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்.

அதனால்தான் கடைசி ஞாயிறு எழுந்து நின்று இன்னொரு படம் எடுத்தேன். பறவைகள் சிதறின, வெள்ளை மொத்தமும் வெளிறியது. படம் என்று பார்த்தால் குப்பை. ஆனால் தண்ணீர் உள்ளபடி சிவப்பாக விழுந்தது. எங்கள் ஊர் மனுவோடு நான் இணைத்தது அந்தப் படத்தைத்தான்.

நல்ல படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. ஆசைக்கு வீட்டில் வைத்திருந்தேன்.

இப்போது அதைத் திரையில் காட்டிக் கம்பெனி ஆள் மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தார், தண்ணீர் கெட்டிருந்தால் இவ்வளவு மிரளுகிற பறவை இப்படி வந்து நிற்குமா என்று.

எழுந்தேன். படம் என்னுடையது, அதில் தெரிவது வானம், மனுவோடு இருக்கிற படத்தைப் பாருங்கள் என்றேன்.

மேடையில் இருந்த அதிகாரி கோப்பை எடுத்தார். நிதானமாகத்தான் புரட்டினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். முன்னும் பின்னும் இரண்டு தடவை.

"மனு மட்டும்தாம்மா இருக்கு. படம் எதுவும் இல்லையே."

மனுவைத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோனவன் லோகு. லீவு போட்டுவிட்டுப் போனான். அடுத்த வாரமே அதே கம்பெனியில் அவனைக் கான்ட்ராக்டிலிருந்து பர்மனன்ட் ஆக்கினார்கள். நான் கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தேன்.

திரும்பிப் பார்த்தேன். அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"எம் பொண்டாட்டி எட்த்த படம் சார் அது. மூணு வாரம் சேத்துல பட்துக்கினு எட்த்துச்சு."

ஒரு வார்த்தை பொய் இல்லை. குரலில் இருந்த பெருமைகூட நிஜம்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் ஊர் வரிசை மொத்தமும் திரும்பியது. லோகுவை யாரும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

ஏரித் தண்ணீரில் வந்த கால் புண்ணை அதிகாரியிடம் காட்ட வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செண்பகம் அக்கா, அதுவரை தன் மடியில் வைத்திருந்த என் கேமரா பையை எடுத்து என் நாற்காலியில் வைத்தாள். பிறகு நொண்டி நொண்டி நடந்து, நான்கு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.