செவ்வந்தியில் ஒரு விருந்தாளி

புனேயில் மகளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வண்ணத்துப்பூச்சிகள் வரட்டும் என்று அவள் இங்கே வீட்டு வாசலில் நட்டுவிட்டுப் போன செவ்வந்தியில் அன்று ஒரே ஒரு பூதான் மலர்ந்திருந்தது. முருகனுக்கு வைக்க அதைப் பறிக்கப்போன தணிகாசலம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்ணத்துப்பூச்சி ஒன்று, ஈரச் சிறகுகள் தொங்க, பூவைப் பற்றிக்கொண்டிருந்தது.

“உதறிட்டுப் பறிங்க. பொண்ணு அங்க கெடக்குறா, உங்களுக்குப் பூச்சி பெருசாப் போச்சா?” என்றாள் மனைவி வேதவல்லி.

“சிறகு இன்னும் காயலையே, வேதா. விழுந்தா எறும்பு இழுத்துட்டுப் போயிடும்.”

“பூ இல்லாம என்னங்க பூசை?”

உள்ளே போனவர் முருகன் படத்தையும் விளக்கையும் கொண்டுவந்து செடியடியில் வைத்தார். “பூவால வர முடியலை. அதான் சாமியைக் கூட்டிட்டு வந்தேன்.”

காற்றடித்தது. சுடரை அவர் இரு கைகளாலும் பொத்தினார். வேதவல்லி குனிந்து, முந்தானையை விரித்துப் பூவுக்கும் சேர்த்து மறைப்பாகப் பிடித்தாள்.

உள்ளே போன் அடித்தது. கையை எடுக்க இருவருக்கும் துணிவு வரவில்லை.