மூணே மணி நேரம்!

"காலையில ஒன்பது மணிக்கு நம்ம பொண்ணு பிளேன் ஏறினா பன்னெண்டு மணிக்கு இறங்கிடுவா. மூணே மணி நேரம்! போன்ல போட்டிருக்கான், நீயே பாரு."

கடிகாரக் கடைக்காரர் செல்போனை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார். பூப்போட்ட துணி ஒன்றை வளைத்து வளைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள், தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

மகளுக்கு வெளிநாட்டுக் கண் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. 'கூப்பிட்டா ஓடி வர்ற தூரம்னா போகட்டும், இல்லேன்னா வேணாம்' என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"எத்தனை கிலோமீட்டருங்க?"

"ஆகாயத்துல யாரு மைல் கல் நட்டு வச்சிருக்கா? நேரத்தைப் பாரும்மா."

பக்கத்தில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஊரில் மணி இங்கிருப்பதைவிட ஆறு மணி நேரம் பின்னால். இறங்குகிற நேரம் அந்த ஊர்க் கணக்கு. உண்மையில் ஒன்பது மணி நேரப் பயணம். ஊருக்கெல்லாம் கடிகாரம் விற்கிற மனுஷன், வீட்டில் கூசாமல் ஆறு மணி நேரத்தை முழுங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா வீட்டுக்கு பஸ்ல போகவே நாலு மணி நேரம் ஆகுது," என்றாள் அம்மா.

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"அப்ப மனசு கேக்கலைன்னா, காலையில கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு அங்க போயிடலாம்ல?"

அவர் செல்போனை அவசரமாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "தாராளமா."

"சரி, போகட்டும்."

அப்பா மகளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். "பார்த்தியா? உங்கம்மா காதுல பூச்சுத்த நான் ஒருத்தன் போதும்!"

"பாவம்ப்பா அம்மா."

"நீ போய்ச் சேர்ந்ததும் பக்குவமா சொல்லிக்கலாம், விடு."

புறப்படும் நாளும் வந்தது. விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கியதும், "டிராலி எடுத்துட்டு வரேன்" என்று அப்பா வேகமாகப் போனார்.

அம்மா தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து மகளின் கழுத்தில் மாட்டிவிட்டாள். அதே பூப்போட்ட துணியில் தைத்த கழுத்துத் தலையணை.

"எதுக்கும்மா இது? மூணு மணி நேரம்தானே?"

"ஒன்பது மணி நேரம் உக்காந்தே போனா கழுத்து பிடிச்சுக்காதா?"

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா! உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிக்கு உங்கப்பா கதை விட்டப்பவே இதைத்தானேடி தைச்சிட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன் நம்புற மாதிரி நடிச்சே?"

"நான் வேணாம்னு பிடிவாதம் பிடிச்சதாலதான் அவரு வீம்பா உன்னை அனுப்ப நின்னாரு. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தா, அதையே சாக்கா வச்சு அந்த மனுஷன் உன்னை அனுப்பாம நிறுத்தியிருப்பாரு. டிராலி எடுக்கப் போனாராம், பாரு!"

டிராலிகள் அவர்களுக்குப் பக்கத்திலேயே வரிசையாக நின்றன. தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால், அப்பா கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.