இடது கழுத்தில் ஒரு வெளிச்சம்

திரையில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. தெரியவே கூடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் மெஷினுக்குள் படுத்திருந்த ஓட்டக்காரருக்கு ஒன்றும் தெரியாது. இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு முகம் தொங்கிவிட்டது.

அத்தனை பேரும் தூசி மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் ஆய்வுக்கூடத்தில் செய்வது நானோ துகள். சாதாரண மைக்ராஸ்கோப்புக்கே சிக்காத பொடி. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ரத்தத்தில் ஏற்றினால், சுத்தமான ரத்தக்குழாயை அது சட்டையே செய்யாது. கொழுப்புப் படிந்து தடித்துப்போன சுவர் எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொண்டு, ஸ்கேனில் ஒளிரும். நாளைக்கே மருந்தையும் அதன் முதுகில் ஏற்றி அனுப்பினால், வேண்டிய இடத்தில் மட்டும் இறக்கிவிட்டு வரும். முயல்களிடம் எல்லாம் பலித்துவிட்டது.

இன்று முதல் மனிதர். விதிப்படி, முதலில் நோயில்லாத ஆள். அவர் உடம்பில் எதுவுமே ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால், துகளுக்கு நல்ல குழாய் எது, கெட்ட குழாய் எது என்று தெரியவில்லை என்று அர்த்தம். கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அதற்கு ஓட்டக்காரரைவிடத் தோதான ஆள் எங்கே கிடைப்பார்? மழையோ வெயிலோ, விடிந்ததும் ஓடுகிறவர். லிஃப்டுக்கு நிற்கிறவர்களைப் பார்த்து, "என்ன, காலை வாடகைக்கு விட்டாச்சா?" என்று கேட்கிறவர். முதல் ஊசிக்கு யாருமே கை நீட்டாதபோது, தானாக வந்து சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தவர். ரத்தம், இசிஜி, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள், ஒரு பழுதில்லை. கழுத்துக் குழாயை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தாலே போதாதா என்று விட்டுவிட்டார்கள்.

"துகள் கால வாரிடுச்சும்மா," என்றார் பெரிய டாக்டர், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"என் துகள் பொய் சொல்லாது சார். ஆள்கிட்டதான் கோளாறு. கழுத்த அல்ட்ராசவுண்ட்ல பாருங்க!"

பெரிய டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீயா இதைச் சொல்கிறாய் என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. அவள் அசைந்து கொடுக்கவில்லை.

பக்கத்து அறையில் ஓட்டக்காரரைப் படுக்கவைத்து, இன்னும் ஒரே ஒரு சின்ன டெஸ்ட் என்று சொல்லி, இடது கழுத்தில் ஜெல் தடவினார்கள். கூசுகிறது என்று சிரித்தார்.

இருக்கணும், இருக்கணும் என்று கதவருகே நின்ற அவள் மனசு அடித்துக்கொண்டது. கடவுளே, அங்கே அடைப்பு இருக்கணும். எத்தனை வருடப் பாடு! கட்டி தட்டிப்போன பொடியையெல்லாம் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, தூசி தட்டவா சம்பளம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டி மழுப்பியது, எல்லாம் வீணாகவா போகும்?

பெரிய டாக்டர் கருவியை மெல்ல நகர்த்தினார். நிறுத்தினார். திரையை நோக்கி இன்னும் குனிந்தார்.

இருந்தது.

வெளிச்சம் காட்டிய அதே இடத்தில், குழாயின் உள்சுவரில், பாதி மிளகு அளவுக்கு ஒரு மேடு. வெளியே ஒரு தொந்தரவும் காட்டாமல் உள்ளுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்த மேடு.

முதலில் கைதட்டியது அவள்தான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அப்பாடா! இசிஜிக்கும் எட்டாததை, எந்த டாக்டரும் சந்தேகப்படாததை, அவளுடைய பொடி தேடிப் போய்ப் பிடித்திருக்கிறது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பெரிய டாக்டர் எழுந்து வந்து அவள் காதோடு சொன்னார்: "நல்ல நேரத்துல மாட்டிச்சு, மாத்திரையிலயே அடக்கிடலாம். நீயே சொல்லிடறியாம்மா?"

கைதட்டல் கேட்டு ஓட்டக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஜெல்லைக்கூடத் துடைக்கவில்லை.

"என்ன, துகள் பாஸா?"

"பாஸ்ங்க," என்றாள்.

மனிதர் கட்டிலிலிருந்து குதித்தே இறங்கினார். டாக்டர், நர்ஸ், வாசலில் நின்ற வாட்ச்மேன் என்று ஒருவரையும் விடாமல் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ராத்திரி தூக்கத்துலகூட இதப் பத்தித்தான் பேசுவா சார். என் பொண்டாட்டியா, கொக்கா!"

சற்று முன் எதை வேண்டிக்கொண்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகத்தில் பெருமை இன்னும் அப்படியே இருந்தது. அதை எப்படி அடக்குவது என்று தெரியவில்லை.

டிஷ்யூவை எடுத்து அவர் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் உக்காருங்களேன்."